கார்த்திகைப்பூவும் பப்பாசி இலையும்

மாரி மழை தொடங்கியதும் அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு வேலியில் ஒரு கொடி எழும்பும். அதை யாரும் நட்டதில்லை. ஆண்டில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும் கிழங்கு நனைந்ததும் முளைக்கும். இலை நுனிகளையே விரல்களாக்கி முட்கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறும். மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும். கார்த்திகைப்பூவைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் அரசியல் எழுதப் போகிறேன் என்று சில நண்பர்கள் நினைப்பார்கள். அந்தப் பூவை அரசியலாகவே பார்த்துப் பழகிவிட்டோம். இன்றைய பேச்சு அதுவன்று. வைரஸ் தொற்றினால் இதயத்தில் உண்டாகும் அழற்சிக்குத் தாவரங்களில் மருந்து இருக்கிறதா என்ற கேள்வி சில காலமாக என்னைத் தொடர்கிறது. அதற்கு விடை தேடப் போனபோது இந்தக் கொடியில் வந்து முடிந்தது. ஆனால் தொடக்கம் பப்பாசி இலையில். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

2017ஆம் ஆண்டு மார்ச் மாதம். திருகோணமலை மாவட்டம் முழுவதும் டெங்கு பரவியிருந்தது. கிண்ணியாவில் பாடசாலைகளை மூட வேண்டிய அளவுக்கு நிலைமை மோசமாயிற்று. அந்த ஆண்டில் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு குடும்பம். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மகனுக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. தாய்க்கு நிம்மதி. நாள் தவறாமல் பப்பாசி இலையை இடித்துப் பிழிந்து சாறு கொடுத்து வந்தவர் அவர். சாறு வேலை செய்துவிட்டது என்று அயலாருக்கும் சொன்னார். அன்றிரவு பொடியனால் படுக்க முடியவில்லை. நெஞ்சு பாரம், மூச்சு இழுப்பு, கைகால் குளிர்ச்சி. ஓட்டோ ஒன்றைப் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். வைரஸ் இதயத் தசையையும் தாக்கியிருக்கிறது என்று வைத்தியர்கள் சொன்னார்கள்.

பதினொரு நாள் கழித்து அவன் வீடு திரும்பியதும் பார்க்கப் போயிருந்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு பத்திரிகை நறுக்கு ஒட்டப்பட்டிருந்தது. "அண்ணை, இது நீங்கள் எழுதினதுதானே? இதைப் பார்த்துத்தான் குடுத்தனான்" என்றார் தாய். குற்றஞ்சாட்டும் குரல் அன்று அது. நன்றி சொல்லும் குரலில் சொன்னார். அதுதான் என்னைக் குத்தியது.

நறுக்கு என்னுடையதுதான். டெங்குவுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்ற பொருளில் தலைப்பு. ஞாயிறு இதழில் அப்போது அரைப்பக்கம் என் பொறுப்பில் இருந்தது. வாரந்தோறும் நிரப்பியாக வேண்டும். மலேசியாவில் 228 நோயாளர்களிடம் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வொன்றை அடிப்படையாக வைத்து எழுதினேன். ஆய்வு பொய்யன்று. பப்பாசி இலைச் சாறு குடித்தவர்களுக்குக் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை சற்று விரைவாக உயர்ந்ததாக அது சொன்னது. ஆனால் அந்த 228 பேரும் வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தவர்கள். வழக்கமான சிகிச்சை அவர்கள் எல்லோருக்கும் நடந்துகொண்டிருந்தது. சாறு அதற்கு மேலதிகம். இந்த ஒரு வாக்கியத்தை நான் எழுதவில்லை. இடமில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மையில் அது தலைப்பைக் கெடுத்துவிடும் என்பதால்தான் எழுதவில்லை.

சிறுதட்டு ஏறுவதும் உயிர் தப்புவதும் ஒன்றல்ல. டெங்குவில் முதன்மையான ஆபத்து, குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்து வெளியேறுவதுதான். அது பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே தொடங்குகிறது. வீட்டார் மூச்சு விட்டு ஆறுதல் அடையும் அதே நேரம் அது. கசிந்த திரவத்தை ஈடுசெய்ய வைத்தியர்கள் நாளம் வழியே திரவம் ஏற்றுவார்கள், மணிக்கு மணி அளந்து. இதயத் தசையும் அழன்று தளர்ந்திருந்தால் அந்தத் திரவமே நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும். கொடுக்காவிட்டாலும் ஆபத்து, கூடக் கொடுத்தாலும் ஆபத்து. அந்தப் பொடியனைப் பதினொரு நாள் காப்பாற்றி வைத்திருந்தது இந்த அளவுக் கணக்குத்தான்.

டெங்கு மட்டுமல்ல. இதயத்தைத் தாக்கும் வைரஸ்கள் பல. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைத் தாங்கிய கொக்சாக்கி வைரஸ்தான் இவற்றில் மிக அதிகம் ஆராயப்பட்டது. சாதாரணத் தடிமன் போல வந்து போகும். ஒரு சிலருக்கு மட்டும் இதயத்தில் இறங்கிவிடும். கொரோனாக் காலத்தில் இதயத் தசை அழற்சி என்ற சொல் செய்திகளில் அடிக்கடி அடிபட்டது. பெரும்பாலோர் ஓய்வோடு தேறிவிடுகிறார்கள். சிலருக்கு இதயம் நிரந்தரமாக வலுவிழக்கிறது. சிலர், பெரும்பாலும் இளைஞர்கள், எதிர்பாராமல் இறந்து போகிறார்கள். வைரஸையே குறிவைத்து இந்த நோயை மாற்றும் நிச்சயமான மருந்து ஆங்கில மருத்துவத்திடம் இன்னும் இல்லை. ஆகவே தாவரங்களின் பக்கம் ஆய்வாளர்கள் திரும்பியதில் வியப்பில்லை.

அவர்கள் தேடியவற்றில் நம் கொல்லைப்புறங்களும் அடங்கும். நெல்லியைப் பாருங்கள். நெல்லி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பில்லெம்பிலிசின் பி என்ற பொருள், கொக்சாக்கி பி3 வைரஸ் தொற்றிய கலங்களையும் எலிகளையும் ஓரளவு காத்ததாகச் சீன ஆய்வாளர்கள் 2009இல் அறிவித்தார்கள். மஞ்சளின் குர்க்குமினுக்கும் இப்படியான எலி ஆய்வுகள் உண்டு. இவற்றைக் கண்டதும் 'நெல்லிக்காய் இதயத்தைக் காக்கும்' என்று ஒரு தலைப்பு என் விரல் நுனிவரை வந்தது, பழக்கதோஷம். ஆனால் ஆய்வில் உள்ளது வேர். நாம் உண்பது காய். அங்கே தனியாகப் பிரித்த ஒரு மூலக்கூறு, இங்கே ஊறுகாய். அங்கே எலி, இங்கே மனிதன். ஒவ்வொன்றுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் எத்தனையோ நல்ல மூலக்கூறுகள் விழுந்து மறைந்திருக்கின்றன.

மனிதரிடம் நடந்த சோதனைகள் இல்லையா என்றால், சீனாவில் நிறைய நடந்திருக்கின்றன. வைரஸ் இதயத் தசை அழற்சிக்கு மூலிகை மருந்துகள் என்ற பொருளில் கொக்ரேன் அமைப்பு அவற்றைத் திரட்டி ஆராய்ந்தது. 2012இல் அந்தத் திறனாய்வு புதுப்பிக்கப்பட்டது. சில மருந்துகள் இதயத் துடிப்பின் ஒழுங்கையும் குருதிச் சோதனை அளவுகளையும் மேம்படுத்தக்கூடும் என்பதற்கு அறிகுறி உண்டு. ஆனால் சோதனைகள் நடத்தப்பட்ட தரம் தாழ்வு. உறுதியாக எதையும் சொல்ல முடியாது. இதுதான் முடிவு. மூலிகை பயனற்றது என்று அது சொல்லவில்லை. ஒழுங்காக எண்ணப்படவில்லை என்று சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் மேடைகளில் எந்தத் தரப்பும் கேட்கத் தயாராக இல்லை.

இனி வேலிக்கு வருகிறேன். இதையெல்லாம் புலம்பிக் கொண்டிருந்தபோது, வைத்தியராக இருக்கும் பழைய நண்பர் ஒருவர் எங்கள் முற்றத்தில் தேநீர் குடித்தபடி கொடியைக் காட்டினார். "இதயத்து அழற்சிக்குத் தாவர மருந்து தேடுகிறாய். அது உன்னுடைய வேலியிலேயே கிடக்கிறதே."

கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கிலும் விதையிலும் கொல்கிசின் என்ற பொருள் இருக்கிறது. ஐரோப்பாவில் வேறொரு தாவரத்திலிருந்து 1820இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. மூட்டுகளில் யூரிக் அமிலம் படிந்து வரும் கீல்வாதத்துக்கு மிகப் பழைய மருந்து அது. தமிழ்நாட்டில் செங்காந்தள் மாநில மலர். கிழங்கின் பெயரால் உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்பார்கள். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் விதைக்காகவே அதைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். மருந்து செய்யும் தொழிற்சாலைகளுக்குப் போகும் விதை அது.

இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் வரும் அழற்சிக்கு, வளர்ந்த நாடுகளில் பெரும்பாலும் வைரஸே காரணம் எனக் கருதப்படுகிறது. ஒருமுறை வந்தால் மீண்டும் மீண்டும் வருவதுதான் அதன் தொல்லை. 1987இல் ஸ்பெயின் நாட்டு வைத்தியர்கள் கொல்கிசினைக் கொடுத்துப் பார்த்து, திரும்ப வருவது குறைகிறது என்று ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். இத்தாலியில் மாசிமோ இமாசியோவும் கூட்டாளிகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2005இல் 120 பேரிடம் ஒரு சோதனை. பின்னர் 240 பேரிடம், யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று நோயாளருக்கும் வைத்தியருக்கும் தெரியாத வகையில் இன்னொன்று. 2013இல் முடிவு வெளிவந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 37.5 பேருக்கு நோய் தீராமல் தொடர்ந்தது அல்லது மீண்டும் வந்தது. கொல்கிசின் எடுத்தவர்களில் 16.7 பேருக்கு. 2015இல் ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டலில் அது முதல்வரிசை மருந்துகளில் ஒன்றாக இடம் பிடித்தது. தாவரத்தில் பிறந்து, வைரஸ் தொட்ட இதயத்துக்கு உதவும் என்று கையைத் தூக்கிச் சொல்லக்கூடிய மருந்து ஒன்று உண்டென்றால் இதுதான். அதுவும் 28 ஆண்டுகள் எடுத்தது.

ஆனால் உறையிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே போனால், அதாவது இதயத் தசைக்குள் போனால், கதை மாறுகிறது. கொக்சாக்கி வைரஸ் தொற்றிய எலிகளுக்குக் கொல்கிசின் கொடுத்தபோது நோய் மோசமடைந்தது என்று 2016இல் ஓர் ஆய்வு. அதே வைரஸ், எலிகள். நோய் முற்றுவதை அதே மருந்து தடுத்தது என்று 2022இல் வேறோர் ஆய்வு. எதை நம்புவது? படுக்கையில் கிடப்பவனுக்கு இன்று எதைக் கொடுப்பது? அழற்சியை அடக்கும் மருந்து, வைரஸோடு போராடும் உடலின் படையையும் அடக்கிவிடலாம். எந்த நாளில், எவ்வளவு கொடுத்தோம் என்பதிலேயே நன்மையும் தீமையும் தங்கியிருக்கலாம். இதற்கு முன்னுதாரணமும் உண்டு. தாவரத்தில் பிறந்து நெடுங்காலமாக இதயத்தைத் தாங்கிய டிஜொக்சினைக்கூட அதிக அளவில் கொடுத்தபோது, வைரஸ் அழற்சி உள்ள எலிகளின் இதயம் மேலும் சேதமுற்றது என்று யப்பானியர் 1999இல் காட்டினார்கள்.

இதை வாசித்துவிட்டு யாரும் வேலிக் கிழங்கைத் தோண்டப் போய்விடக் கூடாது என்பதற்காக அழுத்திச் சொல்கிறேன்: கார்த்திகைக் கிழங்கு கொடிய நஞ்சு. வற்றாளைக் கிழங்கென்று எண்ணி அவித்துத் தின்று இறந்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். வைத்தியர் கொடுக்கும் மாத்திரையில் கொல்கிசின் அரை மில்லிகிராம். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒரு கொடிக்கும் மறு கொடிக்கும் மாறும். இந்த நஞ்சுத்தன்மை நம் முன்னோருக்குத் தெரியாததன்று. சித்த மருத்துவத்தில் இதற்குக் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக்கூடாத நஞ்சுச் சரக்குகளில் ஒன்று. பரராசசேகரமும் செகராசசேகரமும் தந்த மண் என்று மார்தட்டுகிறோம். அந்த மரபின் உயிர்நாடியே சுத்தியும் அளவும் அனுபானமும்தான். ஞாயிறு இதழ்களில் நாங்கள் அச்சிட்டதோ இலையின் பெயரும் நோயின் பெயரும் மட்டும். மரபை மதிக்கிறோம் என்ற பெயரில் மரபின் எச்சரிக்கைகளை எல்லாம் வெட்டி எறிந்தவர்கள் நாங்கள்.

பெயரையாவது சரியாகச் சொன்னோமா? நிலவேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் டெங்குக் காலங்களில் அரசே நிலவேம்புக் குடிநீரை விநியோகித்தது. 2017இல் கமல்ஹாசன், ஆய்வு முடியும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று தன் இரசிகர்களைக் கேட்டுக்கொண்டதும் பெரும் சர்ச்சை எழுந்தது. அங்கே நிலவேம்பு என்பது ஒரு தாவரம். சிங்களத்தில் பிங்கொஹொம்ப என்றாலும் சொல்லுக்குச் சொல் நிலவேம்புதான். ஆனால் அது வேறொரு தாவரம். அது அருகி விலையேறிவிட்டதால் தமிழர் சொல்லும் நிலவேம்பு அதற்குப் பதிலியாகச் சந்தையில் விற்கப்படுகிறது. ஒரே பெயரில் இரண்டு செடிகள். திருகோணமலைச் சந்தையில் கட்டு வாங்கும் ஒருவர் எதை வீட்டுக்குக் கொண்டு போகிறார்?

இந்த இடத்தில், ஆய்வெல்லாம் பெரிய நாடுகளுக்குரியது, நமக்கெங்கே ஆகும் என்று ஒரு குரல் கேட்கும். அதை நான் ஏற்கவில்லை. நஞ்சு உட்கொண்டோருக்குக் கரித்தூள் கொடுப்பது பலன் தருமா என்ற கேள்விக்கு உலகத்துக்கே விடை தந்த சோதனைகளில் ஒன்று எங்கே நடந்தது தெரியுமா? அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல் வைத்தியசாலைகளில். 4,632 நோயாளர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அலரி விதையினால் நஞ்சுற்றவர்கள். டிஜொக்சினின் இனத்தைச் சேர்ந்த நஞ்சு அது. 2008இல் வெளிவந்த முடிவு, திரும்பத் திரும்பக் கரித்தூள் கொடுத்தாலும் இறப்புக் குறையவில்லை என்பது. பலனில்லை என்ற விடையும் விடைதான். அதற்குப் பின் ஒவ்வொரு வைத்தியரும் தம் நேரத்தை எதில் செலவிடலாம் என்று அறிந்துகொண்டார். அநுராதபுரம் எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். காலைப் பேருந்தில் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம்.

இங்கே என்ன குறை? கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே சித்த மருத்துவம் பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. மழைக்காலம் தவறினாலும் டெங்கு தவறுவதில்லை. நான் பெரிய ஆய்வுகூடம் கேட்கவில்லை. புதிய மருந்து கண்டுபிடிக்கச் சொல்லவுமில்லை. காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரிடமும், வீட்டில் என்ன குடித்தீர்கள், எத்தனை நாள், யார் தந்தது, எந்தச் செடி என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். செடியைக் கொண்டுவரச் சொல்லி, சித்த மருத்துவ மாணவர் ஒருவர் அதை அடையாளங் காணட்டும். யாருக்கு இதயம் பாதிக்கப்பட்டது, யார் பிந்தி வந்தார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு மாரி போனால், சோதனைக்கு எடுக்கத் தகுந்த கேள்வி எது, வீண் எது என்று தெரிந்துவிடும். சித்த வைத்தியர்கள் இதைத் தங்களைச் சோதிக்கும் சூழ்ச்சியாகப் பார்க்கக் கூடும்; ஆங்கில வைத்தியர்கள் நேரத்தை வீணாக்கும் வேலையாகப் பார்க்கக் கூடும். இரு தரப்பையும் பல ஆண்டுகளாகச் செவ்வி கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரு தரப்பும் மற்றவருடைய நோயாளரின் முடிவை ஒருபோதும் பார்த்ததில்லை. சித்த வைத்தியர் தேறியவர்களை மட்டும் காண்கிறார். வைத்தியசாலையோ தேறாதவர்களை மட்டும் காண்கிறது.

இந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் கடை போடலாம். 2020 திசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கான பாணி வாங்க ஆயிரக்கணக்கானோர் இடித்துக்கொண்டு நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாரச்சியே அதைப் பகிரங்கமாக அருந்தினார். அடுத்த மாதம் தொற்றுக்குள்ளானார். எழுத்தாளர்களும் பத்திரிகைகளும் அப்போது வாய்விட்டுச் சிரித்தோம். நான் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. என்னுடைய நறுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான்கு ஆண்டுகள் ஒட்டியிருந்தது.

அந்தப் பொடியன் இப்போது வேலைக்குப் போகிறான். பந்தும் விளையாடுகிறான் என்று தாய் சொல்கிறார். நறுக்கைக் கழற்றிவிடுங்கள் என்று ஒருநாள் கேட்டேன். கழற்றிவிட்டார். ஆனால் அந்த ஞாயிறு இதழை வாங்கிய மற்ற வீடுகளின் கதவுகளை நான் தட்டவில்லை. பத்திரிகையில் பிழை விட்டால் திருத்தம் போடுவது எங்கள் தொழில் வழக்கம். அன்று போடாத திருத்தத்தை இங்கே போடுகிறேன்.

திருத்தம்: பப்பாசி இலைச் சாறு டெங்குவுக்கு மருந்து எனப் பொருள்படும் கட்டுரை ஒன்றை எழுதியிருந்தேன். மேற்கோள் காட்டிய ஆய்வு அவ்வாறு சொல்லவில்லை. அது வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தவர்களின் சிறுதட்டு எண்ணிக்கையைத்தான் முதன்மையாக அளந்தது. காய்ச்சல் விட்ட பின்னர் நெஞ்சு பாரம், மூச்சு வாங்கல், மயக்கம், விடாத வயிற்று வலி, கைகால் குளிர்ச்சி ஆகியவற்றில் ஏதேனும் கண்டால், வீட்டில் எதைக் குடித்திருந்தாலும், உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். குடித்தது என்ன என்பதை அங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். தவறுக்கு வருந்துகிறேன்.